ஆர்க்காட்டுச் சீமையின் போர்க்களங்கள்: எத்தனை நாள் ஒதுக்கலாம்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பொங்கல் விடுமுறையோ காலாண்டு விடுமுறையோ நெருங்கினால் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். செஞ்சிக்குப் போகிறோம், அப்படியே வந்தவாசியும் வேலூரும் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்பிவிடலாமா என்று கேட்பார்கள். சொந்தக்காரர்கள், அலுவலக நண்பர்கள், அவர்கள் மூலமாக நம்பர் வாங்கியவர்கள் என்று யார் கேட்டாலும் சந்தேகம் ஒன்றுதான். பல வருடமாக இந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருப்பதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

போர்க்களம்னா அங்க பார்க்க என்ன இருக்கும்? வெறும் நிலம்தானே?

பல இடங்களில் வெறும் நிலம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெல் வயல், கருவேலங்காடு, புதிதாகப் போட்ட வீட்டுமனைக் கற்கள், இவ்வளவுதான் இருக்கும். கோட்டை இருந்த இடங்களில் மட்டும்தான் கண்ணுக்கு ஏதாவது மிஞ்சியிருக்கிறது: செஞ்சி, வேலூர், ஆர்க்காட்டில் ஒரே ஒரு வாசல், வந்தவாசியில் கொஞ்சம் மதிலும் அகழியும்.

நாள் கணக்கு தப்பிப்போவதற்குக் காரணம் இதுதான். பெரிய போர் என்றால் பெரிய இடமாக இருக்கும், நிறைய நேரம் வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். தென்னிந்தியாவில் பிரெஞ்சுக்காரர்களின் கதையை முடித்தது வந்தவாசிப் போர், ஆனால் அங்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்க முடியாது. செஞ்சியில் ஒரு நாள் முழுக்க நடந்தாலும் பாதி மிச்சமிருக்கும். போர் எவ்வளவு முக்கியம் என்பதைப் பார்க்காதீர்கள், அங்கே உங்கள் கால் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்பதைப் பார்த்து நேரத்தை ஒதுக்குங்கள்.

சரி, மொத்தத்துல எத்தனை நாள் வேணும்?

மூன்று நாள். நெருக்கிப் பிடித்தால் இரண்டு. ஒரே நாள்தான் கிடைக்கும் என்றால் செஞ்சி மட்டும் போய்விட்டு வாருங்கள், வேறு எதையும் சேர்க்காதீர்கள். நாலு நாள் இருந்தால் நாலாவது நாளைப் புதுச்சேரிக்குக் கொடுக்கலாம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு இரண்டு இடம் என்பது என் கணக்கு. மூன்றாவது இடத்துக்குப் போகும்போது வெயிலிலும் வண்டியிலும் களைத்துப்போய், இறங்கி ஒரு போட்டோ எடுத்துவிட்டு ஏறிவிடுகிறோம். நானே இரண்டு முறை அப்படிச் செய்திருக்கிறேன். அந்த இரண்டு பயணத்திலும் மூன்றாவதாகப் போன இடம் எனக்குச் சுத்தமாக நினைவில் இல்லை.

போறதுக்கு முன்னாடி ஏதாவது படிச்சுட்டுப் போகணுமா? யாரு யாரோட சண்டை போட்டாங்கன்னே தெரியாது

கொஞ்சமாவது தெரிந்துகொண்டு போங்கள், இல்லையென்றால் முதல் கேள்வியில் சொன்ன வெறும் நிலம் வெறும் நிலமாகவே இருக்கும். சுருக்கமாக இப்படி. 1740-களில் ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போட்டி. ஒரு பக்கம் அன்வருதீன், அவருக்குப் பின் மகன் முகமது அலி. இன்னொரு பக்கம் சந்தா சாகிப். புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சு கவர்னர் டூப்ளே சந்தா சாகிப்புக்குத் துணை நின்றார், சென்னையிலிருந்த ஆங்கிலேயக் கம்பெனி முகமது அலிக்கு நின்றது. 1746-லிருந்து 1763 வரை விட்டுவிட்டு நடந்த இந்தச் சண்டைகளைத்தான் கர்நாடகப் போர்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது முடிந்த கொஞ்ச காலத்தில் மைசூரிலிருந்து ஹைதர் அலி வந்தார், அப்புறம் திப்பு. வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி 1806-ல்.

நேரம் இருப்பவர்கள் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் நாலு பக்கமாவது புரட்டுங்கள். டூப்ளேவுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், 1736-லிருந்து 1761 வரை, நடந்ததை நடந்தபடி தமிழிலேயே எழுதிவைத்திருக்கிறார். போர்ச் செய்தி எப்படி வந்தது, யார் என்ன பேசினார்கள், ஊரில் என்ன வதந்தி என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இந்தப் போர்களைப் பற்றி நம் மொழியில், அந்தக் காலத்து ஆளே எழுதிய சாட்சி கையில் இருக்கும்போது அதைத் தொடாமல் போவது எனக்கு வருத்தமாக இருக்கும்.

செஞ்சிக்கு அரை நாள் போதாதா? ஒரு கோட்டைதானே?

போதாது. செஞ்சி ஒரு கோட்டை இல்லை, ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள், மூன்றையும் வளைத்து ஓடும் மதில். மதிலின் சுற்றளவு மட்டும் சுமார் 13 கிலோமீட்டர். திருவண்ணாமலை சாலை இதற்கு நடுவே போகிறது, ஒரு பக்கம் ராஜகிரி, எதிர்ப்பக்கம் கிருஷ்ணகிரி. பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டு "பார்த்தாச்சு" என்று நினைத்துக்கொண்டவர்கள் நிறைய.

ராஜகிரி ஏறி இறங்குவதற்கே மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 800 அடி உயரம், பாதி வரைக்கும் படிகள் பரவாயில்லை, அப்புறம் செங்குத்து. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை இரண்டாகப் பிளந்த ஒரு இடம் வரும், குறுக்கே ஒரு சின்னப் பாலம். அதில் நின்று கீழே பார்த்தால்தான் கதை புரிகிறது: இந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்துக்கொண்டே மேலே இருப்பவர்கள் தாக்குப்பிடித்துவிடலாம். சிவாஜி 1677-ல் இதைப் பிடித்துப் பலப்படுத்தினார். அவருடைய மகன் ராஜாராம் இங்கே வந்து அடைக்கலம் புகுந்தபோது, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் கீழே ஏழு வருடத்துக்கு மேல் முற்றுகையிட்டு உட்கார்ந்திருந்தார், 1698-ல்தான் கோட்டை விழுந்தது, அதற்குள் ராஜாராம் தப்பித்துப் போய்விட்டார். ஏழு வருடம் என்பதைப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்தப் பாலத்தில் மூச்சு வாங்க நின்று, கீழே பரந்து கிடக்கிற வெளியைப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு நீளமான காலம் என்று உறைத்தது. இதே கோட்டையை 1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே ராத்திரியில் பிடித்துவிட்டார் என்பதையும் அங்கேயே நின்று யோசித்துப் பாருங்கள்.

இறங்கி வந்தால் கல்யாண மகால், தானியக் களஞ்சியம், ஆனைக்குளம், வெங்கடரமணர் கோயில், சாதத்துல்லா கான் பள்ளிவாசல், செட்டிக்குளம். செட்டிக்குளத்தின் கரையில் ராஜா தேசிங்கை எரித்த இடம் என்று ஒரு மேடை இருக்கிறது. 1714-ல் சில நூறு குதிரைவீரர்களோடு ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையை எதிர்த்துப் போய்ச் செத்தவர், அப்போது இருபது வயசைத்தான் தாண்டியிருந்தார். கோட்டைக்கு வடக்கே சிங்கவரத்தில் பள்ளிகொண்ட ரங்கநாதர் குடைவரைக் கோயில் இருக்கிறது, போருக்குப் போக உத்தரவு கேட்டபோது பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஊரில் சொல்வார்கள். அதையும் சேர்த்தால் நாள் சரியாக முடியும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மராத்தியக் கோட்டைகள் 12-ல் செஞ்சியும் ஒன்று, மற்ற 11-ம் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. அதனால் விடுமுறை நாட்களில் கூட்டத்துக்கும் சேர்த்தே நேரம் ஒதுக்குங்கள்.

காலைல எத்தனை மணிக்குச் செஞ்சி போகணும்?

கதவு திறக்கும்போது வாசலில் நில்லுங்கள். மதியத்துக்கு மேல் ராஜகிரி ஏற விடுவதை நிறுத்திவிடுவார்கள், இறங்குவதற்குள் இருட்டிவிடும் என்பதால் அது நியாயம்தான். ஒருமுறை வழியில் ஒரு கல்யாணத்துக்குத் தலைகாட்டிவிட்டு நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அடிவாரத்தில் களஞ்சியத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே எதுவும் கிடைக்காது. குரங்குகள் அதிகம், சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள், பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள்.

அப்பாவுக்கு முட்டிவலி, மலை ஏற முடியாது. செஞ்சியை விட்டுடலாமா?

விட வேண்டாம். மேலே சொன்ன கல்யாண மகால், களஞ்சியம், வெங்கடரமணர் கோயில் எல்லாம் அடிவாரத்தில்தான் இருக்கின்றன, மெதுவாக நடந்தே இரண்டு மணி நேரம் பார்க்கலாம். பெரியவர்கள் கீழே புல்தரையில், மர நிழலில் உட்காரட்டும், ஏற முடிந்தவர்கள் ஏறிவிட்டு வரட்டும். ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்: ஏறப்போகிறவர்கள் எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று. கீழே காத்திருப்பவருக்கு மூன்று மணி நேரம் என்பது மிக நீளம்.

பெரியவர்களோடு போவதாக இருந்தால் செஞ்சிக்குச் சமமான நேரத்தை வேலூர்க் கோட்டைக்கும் கொடுங்கள். அது சமதளம், ஏறுவதற்கு ஒன்றுமில்லை.

வந்தவாசில என்ன பார்க்கிறது? போய் ஏமாந்து வந்தோம்

இதைச் சொன்னவர்கள் ஒருவர் இருவர் இல்லை. ஊர் நடுவில் கோட்டையின் மிச்சம் கொஞ்சம், அகழி, சுற்றிலும் வீடுகள். 1760 ஜனவரி 22-ல் சண்டை நடந்தது கோட்டைக்கு உள்ளே இல்லை, வெளியே மலையடிவாரத்து வெட்டவெளியில். கோட்டையைப் பிடித்து வைத்திருந்தது ஆங்கிலேயர், அதை மீட்கச் சுற்றி வளைத்தவர் பிரெஞ்சுத் தளபதி லாலி. காப்பாற்ற வந்தவர் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட். சண்டை நடுவில் பிரெஞ்சுப் பக்கத்து வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்துச் சிதறியது, அங்கிருந்து அவர்களுடைய வரிசை கலைந்தது. புஸ்ஸி, செஞ்சியை ஒரே ராத்திரியில் பிடித்தாரே அதே ஆள், இங்கே கைதியானார். லாலிக்கு அதைவிட மோசம், நாட்டைக் காட்டிக்கொடுத்தவர் என்று சொல்லி 1766-ல் பாரிஸில் தலையை வெட்டினார்கள்.

இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், அதில் கோட்டைக்கு அரை மணி போதும். மீதி நேரத்தில் ஊரை விட்டு வெளியே, வெண்குன்றம் மலைப்பக்கம் போங்கள். நெரிசல் குறைந்து வெளி கண்ணில் படும், இரண்டு படைகள் எதிரெதிரே வரிசை கட்ட இந்த இடம் எப்படி வசதிப்பட்டது என்பது அப்போதுதான் புரிகிறது. நான் ஒரு ஜனவரியில் அதே வாரமாகப் பார்த்துப் போயிருந்தேன். காலை எட்டு மணி வரைக்கும் பனி, பத்தடி தூரத்தில் வருகிற சைக்கிள் மட்டும்தான் தெரிகிறது, அதன் பின்னால் கட்டியிருந்த கோரைப்பாய்ச் சுருள் முதலில் பீரங்கிக் குழாய் மாதிரி தெரிந்தது. எட்டரைக்கு வெயில் அடித்ததும் மொத்த வெளியும் திரை விலகின மாதிரி திறந்துகொண்டது. திரும்பும்போது ஒரு பாய் வாங்கிக்கொள்ளுங்கள், வந்தவாசிப் பாய் நல்ல பாய்.

ஆர்க்காட்டுல ஒரு வாசல்தான் இருக்காமே? அதுக்காகப் போகணுமா?

டெல்லி வாசல் மட்டும்தான் நிற்கிறது, கோட்டை மதிலை 1783-ல் திப்பு இடித்துவிட்டார். வாசல் மேலே ஒரு அறை, அதைக் கிளைவ் அறை என்கிறார்கள். பாலாற்றங்கரை. ஒரு மணி நேரம் போதும், ஆனால் போங்கள்.

1751-ல் இங்கேதான் 26 வயதே ஆன கிளைவ், சுமார் 500 பேரோடு வந்து கோட்டையைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினார். வெளியே சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப். கடைசி நாள் தாக்குதலில் யானைகளின் நெற்றியில் இரும்புத் தகடு கட்டிக் கதவை முட்ட விட்டார்கள், துப்பாக்கிச் சூட்டில் மிரண்ட யானைகள் திரும்பி ஓடித் தங்கள் ஆட்களையே மிதித்தன. அரிசி தீர்ந்துபோனபோது நம் சிப்பாய்கள், சோற்றை வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கொடுத்துவிடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்று சொன்னார்கள் என்று ஒரு கதை உண்டு. வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த கதை அது. சொன்ன சிப்பாயின் பெயரை ஒருவரும் எழுதவில்லை. அந்த வாசலின் கீழே நிற்கும்போது எனக்குக் கிளைவை விட அந்தப் பெயர் இல்லாத ஆட்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

வேலூர்க் கோட்டையும் போர்க்களமா? அது டூரிஸ்ட் ஸ்பாட் இல்லையா?

அகழியும் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் பார்த்துவிட்டு எல்லாரும் திரும்பிவிடுவதால் அப்படித் தோன்றுகிறது. 1806 ஜூலை 10, விடிவதற்கு முன்னால், உள்ளே தூங்கிக்கொண்டிருந்த 69-வது ரெஜிமெண்ட் வெள்ளைக்காரர்கள் மீது சிப்பாய்கள் பாய்ந்த இடம் இது. நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தொப்பியைப் போட வேண்டும் என்று வந்த உத்தரவுதான் பற்றவைத்தது. திப்புவின் பிள்ளைகள் அப்போது இந்தக் கோட்டைக்குள்தான் காவலில் இருந்தார்கள், முந்தின நாள் அவர்கள் வீட்டில் ஒரு மகளுக்குக் கல்யாணம் நடந்திருந்தது. மைசூர்ப் புலிக்கொடி ஏறியது. ஆர்க்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு சில மணி நேரத்தில் வந்து சேர்ந்தார், அதன் பிறகு நடந்தது பழிவாங்கல். அரண்மனைக்குள் ஒளிந்திருந்த நூறு பேர் வரைக்கும் இழுத்து வந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள்.

அரை நாள் கொடுங்கள். கோயில், மதில்மேல் ஒரு சுற்று, அருங்காட்சியகம், அப்புறம் வெளியே நினைவுத்தூண். ஆர்க்காட்டுக்கும் வேலூருக்கும் நடுவே இருக்கும் இருபத்தைந்து கிலோமீட்டரை வண்டியில் போகும்போது, கில்லெஸ்பி வந்த வழி இதுதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வாருங்கள். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும், அந்தக் கிழமையைத் தவிர்த்துவிடுங்கள்.

புள்ளலூர்னு ஒண்ணு சொல்றாங்களே, அது எங்க இருக்கு? போக வழி இருக்கா?

காஞ்சிபுரத்திலிருந்து கொஞ்ச தூரம், வயல்களுக்கு நடுவே ஒரு கிராமம். பஸ்ஸில் போவது சிரமம், சொந்த வண்டியோ ஆட்டோவோ வேண்டும். முக்கால் மணி நேரம் போதும். என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலில் இதைத்தான் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன்.

1780 செப்டம்பர் 10-ல் ஹைதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை இங்கே மடக்கி ஒன்றுமில்லாமல் ஆக்கினார்கள். மைசூர் ராக்கெட்டுகள் பறந்த களம் இது. கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்ததும் ஆட்டம் முடிந்தது. உதவிக்கு வர வேண்டிய கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோ கூப்பிடு தூரத்தில் காஞ்சிபுரத்தில் இருந்தும் வந்து சேரவில்லை, கனமான பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைப் பக்கம் ஓடினார். இந்தப் போரைத்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகைச் சுவர் முழுக்க ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். இங்கே வந்தால் வயலோரம் இரண்டு கல்தூபிகள் மட்டும்தான் நிற்கின்றன, அவையும் அடுத்த வருடம் 1781-ல் இதே இடத்தில் நடந்த இன்னொரு சண்டையில் செத்த வெள்ளை அதிகாரிகளுக்கு. நான் போன அன்று தூபியின் நிழலில் நடவு முடித்த நாலைந்து பெண்கள் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "வெள்ளக்காரன் சமாதி பார்க்க வந்தியாப்பா, இப்படி நெழல்ல வந்து நில்லு" என்றார் ஒரு அம்மா.

ஆம்பூர்?

1749 ஆகஸ்டில் அன்வருதீன் இங்கே கொல்லப்பட்டார், இரண்டாம் கர்நாடகப் போர் தொடங்கியதே இதில்தான். நின்று பார்க்க ஒன்றுமில்லை. பெங்களூர் சாலையில் போகிறவர்கள் பிரியாணிக்கு நிறுத்தும்போது மலைகளை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாக நேரம் ஒதுக்காதீர்கள்.

மூணு நாளை எப்படிப் பிரிக்கிறது? சென்னைல இருந்து கிளம்புறோம்

முதல் நாள் காலையில் புள்ளலூர், மதியத்துக்கு மேல் ஆர்க்காடு, ராத்திரி வேலூரில் தங்கல். இரண்டாம் நாள் காலை வேலூர்க் கோட்டை, சாப்பிட்டுவிட்டு ஆரணி வழியாக வந்தவாசி, இருட்டுவதற்குள் செஞ்சியிலோ திண்டிவனத்திலோ போய்ப் படுத்துவிடுங்கள். ஆரணிக்குப் பக்கத்திலும் 1751 டிசம்பரில் ஒரு சண்டை, ஆர்க்காட்டு முற்றுகை முடிந்த கையோடு கிளைவ் ராஜா சாகிப்பைத் துரத்திப் பிடித்தது அங்கேதான், ஆனால் இறங்க வேண்டாம். மூன்றாம் நாள் முழுக்கச் செஞ்சி, சாயந்திரம் சென்னை.

இரண்டு நாள்தான் என்றால் வேலூர்ப் பக்கத்தை அடுத்த முறைக்கு விட்டுவிட்டு, முதல் நாள் புள்ளலூரும் வந்தவாசியும், இரண்டாம் நாள் செஞ்சி. செஞ்சியைக் கடைசி நாளில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது: மற்ற இடங்களில் பெயர்களையெல்லாம் பழகிக்கொண்டு வந்து ராஜகிரி ஏறினால், அந்தப் பெயர்கள் எல்லாம் அங்கே திரும்ப வரும். ஆனால் கூட வருகிறவர்களுக்கு உடம்பு முடியாது என்றால் இதைத் தலைகீழாகப் போடுங்கள், கால் வலிக்காத முதல் நாளிலேயே மலையை முடித்துவிடலாம்.

எந்த மாசம் போறது நல்லது? மே மாசம்தான் பசங்களுக்கு லீவு

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. மே மாதத்தில் ராஜகிரிப் பாறை அடுப்பில் வைத்த தோசைக்கல்தான், காலை பத்து மணிக்கே கை வைக்க முடியாது. மே மாதம்தான் முடியும் என்றால் செஞ்சிக்கு இரண்டு காலைகளை ஒதுக்குங்கள்: ஒரு காலையில் ராஜகிரி மட்டும், மறுநாள் காலையில் அடிவாரம். மதியம் முழுக்க அறையில் படுத்து ஓய்வெடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் படிகள் வழுக்கும், வயல்வெளிகள் சேறாகிவிடும், ஆனால் அகழிகள் நிரம்பி வேலூர் அழகாக இருக்கும்.

கார் இல்ல, பஸ்ஸுலயே போனா எத்தனை நாள் கூடும்?

ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். செஞ்சி, வேலூர், ஆர்க்காடு மூன்றுக்கும் பஸ் நிறைய. வந்தவாசிக்கு ரயில் கிடையாது, பஸ் உண்டு. செஞ்சி பஸ் நிலையத்திலிருந்து கோட்டைக்கு ஆட்டோ பிடித்துவிடுங்கள், மலை ஏற வேண்டிய காலை அங்கேயே வீணாக்க வேண்டாம். புள்ளலூருக்கு மட்டும் காஞ்சிபுரத்திலிருந்து போகவர ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள்.

எனக்கு வரலாறு பிடிக்கும், வீட்டுல மத்தவங்களுக்குச் சலிப்பு. எப்படிச் சமாளிக்கிறது?

உங்களுக்குப் பிடித்ததற்கு அரை நாள், அவர்களுக்குப் பிடித்ததற்கு அரை நாள் என்று முதலிலேயே ஒத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாதையில் அது சுலபம். காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் பட்டு, ஆர்க்காட்டில் மக்கன் பேடா, வேலூரில் கோயில், வந்தவாசியில் பாய். குழந்தைகளுக்கு யார் ஜெயித்தார்கள் என்பதை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். "நீ உள்ளே இருக்கிறாய், வெளியே பத்தாயிரம் பேர், என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். என் தங்கை மகன் ஆர்க்காட்டு வாசலில் நின்றுகொண்டு, முதலில் கிணறு எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன் மாமா என்றான். ஐம்பது நாள் முற்றுகையை நான் அவ்வளவு படித்தும் அந்தக் கேள்வியை யோசித்ததில்லை.

மேப்ல குறி போட்டிருக்கிற இடத்துலதான் சண்டை நடந்துச்சா?

பெரும்பாலும் இல்லை. குறி கோட்டையின் மேலோ பஸ் நிலையத்தின் மேலோ இருக்கும், சண்டை மைல் கணக்கில் பரவி நடந்திருக்கும். புள்ளலூரில் பெய்லியின் படை நடந்துகொண்டே அடிவாங்கிய படை, ஓர் இடத்தில் நின்ற படை இல்லை. அதனால் சரியான புள்ளியைத் தேடி மணிக்கணக்கில் அலையாதீர்கள். கோட்டை, ஆறு, மலை, சாலை இந்த நாலும் எந்தெந்தத் திசையில் இருக்கின்றன என்று பாருங்கள், பத்து நிமிடத்தில் பாதி விஷயம் பிடிபட்டுவிடும். செஞ்சிக்கும் வேலூருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை.

நாலாவது நாள் பாண்டிச்சேரி சேர்க்கலாம்னு சொன்னீங்க, அங்க போர்க்களம் ஏது?

ஊரே போர்க்களம்தான். வந்தவாசியில் தோற்ற பிறகு லாலி புதுச்சேரிக்குள் போய் அடைபட்டார், பட்டினி போட்டுப் பணியவைத்து 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஊர் விழுவதற்குச் சில நாள் முன்புதான் ஆனந்தரங்கப் பிள்ளை இறந்தார். இன்றைக்கு நாம் நடக்கிற வெள்ளை நகரத் தெருக்கள் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஊர் திரும்பக் கிடைத்த பிறகு கட்டியவை, டூப்ளே பார்த்த ஊர் அது இல்லை. பிள்ளையின் வீடு தப்பித்து நிற்கிறது, அதைத் தேடிப் போங்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் சிற்பத் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை. முந்தின நாள் செஞ்சி பார்த்திருந்தால் வெங்கடரமணர் கோயில் ஏன் அவ்வளவு காலியாக இருந்தது என்று புரியும்.

சோழர், பல்லவர் காலத்துப் போர்க்களம் எதுவும் இந்தப் பக்கம் இல்லையா?

இருக்கிறது, வழியிலேயே. வந்தவாசியிலிருந்து திண்டிவனம் போகிற சாலையில் தெள்ளாறு, 9-ம் நூற்றாண்டில் பாண்டியனை வென்று "தெள்ளாறெறிந்த நந்திவர்மன்" என்று பல்லவ அரசன் பட்டம் பெற்ற ஊர். அரக்கோணம் பக்கத்தில் தக்கோலம், 949-ல் இராஷ்டிரகூடர்களோடு நடந்த போரில் சோழ இளவரசன் இராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே செத்தான். புள்ளலூரிலேயே சுமார் ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்னால் மகேந்திரவர்மன் எதிரிகளை வென்றதாகச் செப்பேடு சொல்கிறது.

தக்கோலத்தைப் புள்ளலூருக்கும் ஆர்க்காட்டுக்கும் நடுவே சொருகலாம், கோயிலுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம். ஆனால் அது அந்த நாளின் மூன்றாவது இடமாகிவிடும், இரண்டாவது பதிலில் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

பாஞ்சாலங்குறிச்சியும் காளையார்கோயிலும் இதோட சேர்த்துடலாமா?

சேர்க்காதீர்கள். அது நெல்லை, சிவகங்கைச் சீமை, தனியாக இரண்டு மூன்று நாள் வேண்டிய பயணம். பாஞ்சாலங்குறிச்சி, 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறு, காளையார்கோயில், 1801-ல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட திருப்பத்தூர், எல்லாம் ஒரே கதையின் பகுதிகள். அவற்றைச் செஞ்சிக்கு வால் மாதிரி ஒட்டினால் இரண்டும் கெடும்.

வெள்ளைக்காரன் ஜெயிச்ச இடத்தையெல்லாம் எதுக்குப் போய்ப் பார்க்கணும்?

இந்தக் கேள்வி கோபத்தோடுதான் வரும், அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் புள்ளலூரில் அவர்கள் ஜெயிக்கவில்லை. வேலூரில் ஒரு விடியற்காலை முழுக்க அவர்கள் கையில் கோட்டை இல்லை. மற்ற களங்களிலும் இரண்டு பக்கமும் நின்று செத்தவர்களில் பெரும்பாலோர் நம் ஊர் ஆட்கள், சம்பளத்துக்குப் போனவர்கள். அவர்களுக்கு எங்கேயும் தூபி இல்லை. நாம் போய் நிற்கவில்லை என்றால் வேறு யார் போய் நிற்பார்கள்?

கடைசியா, வழியில நேரம் போதலன்னா எதை விடலாம்?

முதலில் தக்கோலம், அப்புறம் ஆர்க்காடு, அதற்கப்புறம் வந்தவாசிக் கோட்டை. வந்தவாசி வெளியைச் சாலையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம், வண்டியை ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம். புள்ளலூரை விடாதீர்கள். செஞ்சியில் நேரம் நெருக்கினால் கிருஷ்ணகிரியை விடுங்கள், சிங்கவரத்தை விடுங்கள், ராஜகிரிப் பாலம் வரைக்குமாவது ஏறிவிடுங்கள்.